கங்கம்மா மேடமும் ஒரு மைனர் பாடமும்

போன வாரம் நந்தினி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் கல்லூரியின் அரசியல் அறிவியல் துறைக்குத் தலைவியாக இருப்பவள் அவள்தான். புதிதாகச் சேர்ந்த இரண்டு ஆசிரியர்கள் சேர்ந்த வேகத்திலேயே சோர்ந்து போயிருக்கிறார்களாம்.

"எல்லாமே பி.காம்., பி.சி.ஏ. பிள்ளைங்க மேடம். மைனர்னா சும்மா மார்க் வாங்கற சப்ஜெக்ட்னு நெனச்சுதான் வர்றாங்க. இவங்க ரெண்டு பேரும் எங்களுக்கு எதுக்கு இந்த வேலைன்னு கேக்கறாங்க. நீங்க ஏதாவது எழுதிக் குடுங்க, படிக்கச் சொல்றேன்" என்றாள்.

அறிவுரை எழுத எனக்கு வராது. வகுப்பில் போன் பார்க்கிற பிள்ளையை என்ன செய்வது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பிடுங்கி மேஜை மேல் வைப்பேன், அவ்வளவுதான் நான் கண்டுபிடித்த கல்விமுறை. ஆனால் கங்கம்மா மேடத்தைப் பற்றி எழுதச் சொன்னால் எழுதுவேன். எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் இருந்தது. நந்தினி கேட்டது ஒரு சாக்கு.

மைனர் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கல்லூரியில் ஒரு பிள்ளை வணிகவியலையோ கணினியையோ முதன்மைப் பாடமாக எடுக்கும். அதோடு துணைக்கு இன்னொரு பாடத்தையும் எல்லா செமஸ்டரிலும் படிக்க வேண்டும். அந்தத் துணைப் பாடத்துக்குத்தான் மைனர் என்று பெயர். எங்கள் பாடம் என் காலம் முழுக்க அந்த இடத்தில்தான் இருந்தது. அரசியல் அறிவியலை முதன்மையாக எடுத்துப் படிக்கப் பெங்களூரில் யார் வருகிறார்கள்? பிரியாணி வாங்கினால் கூடவே வரும் தயிர்ப் பச்சடி மாதிரி நாங்கள் இருந்தோம். என் அண்ணன், "அரசியல் அறிவியல்னு ஒண்ணு இருந்தா, அரசியல்வாதிங்க ஏன் அதைப் படிக்கறதில்ல?" என்று ஒவ்வொரு கிறிஸ்துமஸ் சாப்பாட்டின்போதும் கேட்பான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தானே சிரிப்பான்.

நான் காக்ஸ் டவுனில் பிறந்து வளர்ந்தவள். அங்கே இருந்துதான் எம்.ஏ. படித்தேன். சில வருடங்கள் இங்கும் அங்கும் தற்காலிக விரிவுரையாளராக அலைந்தேன். ஒரு கல்லூரியில் எனக்கு நாற்காலிகூட இல்லை, நூலகத்தில் உட்கார்ந்து கொள்ளச் சொன்னார்கள். அந்தக் கதையெல்லாம் எல்லோருக்கும் உள்ளதுதான். கடைசியில் இந்தக் கல்லூரியில் நிரந்தர வேலை கிடைத்து, முதல் நாள் துறைக்குள் நுழைந்தபோது, கங்கம்மா மேடம் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர்தான் துறைத் தலைவர்.

"ரெஜினாவா? வாம்மா. அவரேக்காய் உப்புமா. ஊட்டா ஆய்தா?" என்றார். சாப்பிட்டாயிற்றா என்று கேட்கிறார்.

தங்கவயலில் வளர்ந்த கன்னடக்காரர். அந்த ஊரில் பாதிப் பேர் பேசுவது தமிழ் என்பதால் அவருக்கும் தமிழ் சரளமாக வரும், நடுநடுவே கன்னடம் எட்டிப் பார்க்கும். சாப்பிட்டு முடிப்பதற்குள் எனக்கு வேலை சொல்லிவிட்டார். "பாடத்த நீங்க எப்படி வேணா எடுங்க. வியாழக்கிழமை மட்டும் என் வழக்கப்படி நடக்கணும்."

அந்த வியாழக்கிழமை வழக்கத்தைத்தான் புதிய ஆசிரியர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

வியாழக்கிழமைகளில் ஏதாவது ஒரு பொது விஷயத்தை எடுத்து இரண்டு பிள்ளைகளை எதிரெதிரே நிற்க வைப்போம். இதில் என்ன புதுமை, எல்லாக் கல்லூரியிலும் பட்டிமன்றம் உண்டே என்பீர்கள். இது வேறு. இங்கே ஒருவர் தன் கட்சியைப் பேசுவதற்கு முன்னால் எதிராளியின் கட்சியைச் சொல்ல வேண்டும். அதை எதிராளி கேட்டுவிட்டு, "ஆமாம், நான் சொல்ல வந்தது இதுதான்" என்று தலையாட்ட வேண்டும். ஆட்டாவிட்டால் திரும்பச் சொல்ல வேண்டும். எத்தனை முறை ஆனாலும் சரி. எதிராளி தலையாட்டும் வரை உன் கட்சியை நீ திறக்கவே முடியாது. சில நாள் மணி அடித்துவிடும், ஒருவர்கூடத் தன் பக்கத்தைப் பேசியிருக்க மாட்டார். கங்கம்மா மேடம் அதை நல்ல வகுப்பு என்பார்.

கேட்க எளிதாக இருக்கிறது. செய்து பாருங்கள். எதிராளி சொல்வதைச் சொல்கிறேன் என்று ஆரம்பித்து, நாம் அவரைப் பற்றி நினைப்பதைச் சொல்லிக்கொண்டிருப்போம். நானே என் அண்ணனிடம் ஒருமுறை செய்து பார்த்து, முதல் வாக்கியத்திலேயே சண்டை வந்துவிட்டது.

ஒரு வருடம் மழை பொய்த்தது. காவிரித் தகராறு முற்றி, தமிழ்நாட்டு பஸ்கள் ஓசூரோடு நின்றன. பஸ்ஸில் போகும்போது போன் வந்தால் இங்கிலீஷில் பேசு என்று அண்ணன் எனக்குச் சொல்லியிருந்தான். அந்த வாரம் வியாழக்கிழமை வகுப்பை விட்டுவிடலாம் என்று நான் மேடத்திடம் சொன்னேன். எனக்குப் பயமாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது?

"விட்டுட்டு வேற எப்போ எடுக்கறது? நல்ல மழை பேஞ்சப்புறமா?" என்று கேட்டார்.

மண்டியாவிலிருந்து வந்த மஞ்சுநாத் ஒரு பக்கம். கும்பகோணத்துப் பக்கத்தில் தாத்தா வீட்டு நிலம் உள்ள செந்தில் இன்னொரு பக்கம். தமிழ்நாட்டு விவசாயியின் கட்சியை மஞ்சுநாத் முதலில் சொல்ல வேண்டும்.

"அவங்களுக்கு மூணு போகம் விளையணும், அதுக்கு எங்க தண்ணி வேணும்" என்றான்.

செந்தில் தலையை ஆட்டவில்லை. "அது நீ எங்களப் பத்தி சொல்றது. நாங்க அப்படிச் சொல்லல."

மஞ்சுநாத் இரண்டாவது தடவை சொன்னான், மூன்றாவது தடவை சொன்னான். செந்தில் அசையவில்லை. மஞ்சுநாத்துக்குக் கோபம் வந்து நாற்காலியை உதைத்துவிட்டு உட்கார்ந்தான். மேடம் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து மஞ்சுநாத் தானே எழுந்தான். செந்திலைப் பார்த்து, "நாத்து விட்டுட்டீங்களா?" என்று கேட்டான்.

"விட்டாச்சு."

மஞ்சுநாத் வகுப்பைப் பார்த்துத் திரும்பினான். "அவங்க நாத்து விட்டுட்டாங்க. தண்ணி வரும்னு நம்பி விட்டாங்க. இப்போ வரலைன்னா நாத்து கண்ணு முன்னாடி கருகும். அதுதான் அவங்க சொல்றது."

செந்தில், "ஆமா" என்றான்.

பிறகு செந்தில் மண்டியாவின் கரும்பையும் வற்றிப்போன ஏரிகளையும் சொல்லி, இரண்டாவது முயற்சியிலேயே "ஹௌது" என்று கன்னடத்தில் ஓர் ஆமாம் வாங்கினான். அந்தப் பையன்கள் அதற்கப்புறம் நண்பர்களாகிவிடவில்லை. யார் சொல்வது நியாயம் என்றும் முடிவாகவில்லை. வெளியே வந்ததும் நான் மேடத்திடம், "ஒரு முடிவுக்கும் வரலையே" என்றேன். "முடிவுக்கு வர அவங்க என்ன நீதிபதியா? ஒருத்தன் சொன்னது இன்னொருத்தன் காதுல விழுந்துச்சா, அதைத்தான் பாத்தேன்" என்றார். அன்றைக்குத்தான் என் பாடத்தின் மேல் எனக்கே ஒரு மரியாதை வந்தது. பச்சடி என்று நானே சிரித்துக்கொண்டிருந்த பாடம் அது.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். இது கங்கம்மா மேடம் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் நடந்தது.

மேகலா என்று ஒரு மாணவி இருந்தாள். திருப்பத்தூர்ப் பக்கம் சொந்த ஊர். அப்பா எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். பி.காம். படித்தால் தன் கம்பெனியிலேயே கணக்குப் பிரிவில் சொல்லி வைக்கலாம் என்பது அவர் திட்டம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெண்ணும் பி.காம். சேர்ந்தாள். மைனராக எங்கள் பாடத்தை எடுத்தாள். ஏன் எடுத்தாய் என்று கேட்டதற்கு, "டைம்டேபிள்ல மத்தியானம் சீக்கிரம் முடியுது மேடம், ரெண்டு பஸ் மாறிப் போகணும்ல" என்றாள். பொய் சொல்லாத பிள்ளை.

எங்கள் மாணவர்கள் ஏதாவது ஒரு பொதுக் கூட்டத்தில் முழுக்க உட்கார்ந்து, நடந்ததை அபிப்பிராயம் கலக்காமல் எழுத வேண்டும். வார்டு கூட்டம், அபார்ட்மெண்ட் சங்கக் கூட்டம், எதுவானாலும் சரி. மேகலா, வைட்ஃபீல்டில் அவள் சித்தி வீட்டு வேலை செய்யும் ஒரு அபார்ட்மெண்டின் சங்கக் கூட்டத்துக்குப் போனாள். லிஃப்டை வேலைக்காரர்கள் பயன்படுத்தலாமா என்பது பற்றி விவாதம். அவள் எழுதி வந்ததில் ஒரு வார்த்தை கோபம் இல்லை. யார் என்ன சொன்னார்கள், யாருக்கு ஓட்டு உண்டு, வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஏன் இல்லை, லிஃப்டைப் பற்றிப் பேசிய யாரும் படியில் ஏறுகிறவர்களிடம் கேட்கவில்லை என்பது வரை வரிசையாக இருந்தது. கங்கம்மா மேடம் அதை இரண்டு முறை படித்தார். "இந்தப் பொண்ணு நம்மள மாதிரி ஆகிடும் போலிருக்கே, பாவம்" என்றார். அவர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வந்து நான் கேட்டதில்லை.

மேகலாவுக்கு எம்.ஏ. அரசியல் அறிவியல் படிக்க ஆசை வந்தது. பல்கலைக்கழக விதிப்படி, மைனராக எடுத்தவர்களும் எம்.ஏ. சேரலாம். ஆனால் எல்லா செமஸ்டரிலும் அந்தப் பாடத்தைப் படித்து முடித்திருக்க வேண்டும். நடுவில் விட்டால் கிடையாது.

அந்த நேரத்தில்தான் வணிகவியல் துறை டேட்டா அனலிட்டிக்ஸ் என்ற புதிய மைனரைக் கொண்டு வர விண்ணப்பித்தது. எங்கள் கல்லூரியில் நாலு மைனருக்குத்தான் அனுமதி. ஒன்று உள்ளே வர வேண்டுமானால் ஒன்று வெளியே போக வேண்டும். எங்கள் பாடத்தில்தான் ஆள் குறைவு. அடுத்த வருடத்திலிருந்து அரசியல் அறிவியலை எடுத்துவிடலாம் என்று தீர்மானம் தயாரானது. பாதியில் இருக்கும் பிள்ளைகள் என்ன ஆவார்கள்? வேறு மைனருக்கு மாற்றி விடுவார்கள். பட்டம் கிடைத்துவிடும், யாருக்கும் நஷ்டம் இல்லை என்றார்கள். மேகலாவுக்கு எம்.ஏ. கதவு மூடிவிடும் என்பது அந்தக் கணக்கில் வரவில்லை.

அவள் வீட்டில் பேசினாள். மறுநாள் வந்து எங்களிடம் சொன்னாள்.

"அப்பா சொல்ட்டாரு மேடம். காலேஜே அந்தப் பாடத்த வேணாம்னு தூக்கிட்டா அதுல இன்னா இருக்குது, பேசாம வேலைக்குப் போன்னாரு. இருந்தா?ன்னு கேட்டேன். இருந்தா அப்போ பாக்கலாம்னாரு."

"கோவமா சொன்னாரா?" என்று மேடம் கேட்டார்.

"இல்ல மேடம். ஒப்பந்தம் மாதிரி சொன்னாரு."

"அப்போ சரி. கோவத்துல சொன்னாத்தான் மாறிடும்" என்றார் மேடம்.

தீர்மானம் கல்விக் குழுவுக்கு வந்தது. துறைத் தலைவர்களும் வெளியிலிருந்து நியமிக்கப்பட்ட சிலரும் கொண்ட குழு. கல்லூரி முதல்வர்தான் அதற்குத் தலைவர். அவருக்கு வாக்கு கிடையாது, சமமாக வந்தால் மட்டும் அவர் வாக்குப் போடுவார். புதிய மைனர் அவர் ஆசையாக வளர்த்த திட்டம் என்பது ஊருக்கே தெரியும். நான் அழைக்கப்பட்டவளாகப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன், எனக்கு வாக்கு இல்லை. கூட்டம் ஆங்கிலமும் கன்னடமும் கலந்து நடந்தது. இங்கே தமிழில் தருகிறேன்.

அன்று மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. பெங்களூரில் மழை பெய்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வைட்ஃபீல்டிலிருந்து வர வேண்டிய கம்பெனிக்காரர், வெளியிலிருந்து நியமிக்கப்பட்டவர், மாரத்தஹள்ளிப் பாலத்தில் மாட்டிக்கொண்டார். கணிதத் துறைத் தலைவர் வந்து கையெழுத்துப் போட்டார். பிறகு பையனின் பள்ளி வேன் வரவில்லை என்று போன் வர, பாதியில் எழுந்து ஓடினார். இரண்டு பேருமே புதிய மைனருக்கு ஆதரவானவர்கள். வாக்கெடுப்பு நடந்தது. எங்கள் பாடம் இருக்கட்டும் என்று இரண்டு வாக்கு அதிகமாக விழுந்தது.

எனக்கு எழுந்து நின்று கை தட்ட வேண்டும் போலிருந்தது. பையிலிருந்து போனை எடுத்து மேகலாவுக்குச் செய்தி அடிக்கவே ஆரம்பித்துவிட்டேன். அப்போது கங்கம்மா மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். பேசப் போகிறார் என்று அர்த்தம்.

"சார், கோரம் இல்லை" என்றார்.

கோரம் என்பது ஒரு கூட்டம் செல்லுபடியாக வேண்டுமானால் இருந்தே தீர வேண்டிய ஆள் கணக்கு. எங்கள் குழுவில் முக்கால்வாசிக்கு மேல் இருக்க வேண்டும். கணிதத் துறைத் தலைவர் எழுந்து போனதும் ஒரு ஆள் குறைந்துவிட்டது. கையெழுத்து இருந்தது, ஆள் இல்லை. முதல்வர் கவனிக்கவில்லை. தோற்றுப்போன வணிகவியல் தலைவர் ரகுநாதனும் கவனிக்கவில்லை. ஜெயித்தவர் கவனித்துச் சொன்னார்.

முதல்வர் ஆட்களை எண்ணினார். பிறகு கூட்டத்தை அடுத்த வாரத்துக்கு ஒத்திவைத்தார்.

படி இறங்கும்போதே நான் பிடித்துக்கொண்டேன். "மேடம், அவங்களே பாக்கலையே. நீங்க எதுக்கு வாயத் தொறந்தீங்க? அந்த ரெண்டு பேரும் வந்தா சமம் ஆயிடும். சமம் ஆனா முதல்வர் ஓட்டு. அவர் ஓட்டு எங்க போகும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"கொத்து" என்றார். தெரியும் என்பதற்குக் கன்னடம்.

"மேகலா?"

அவர் படியில் நின்றார். "அவளுக்குக் கோரம் பாடம் எடுத்தது யாரு ரெஜினா? நான்தானே?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. உலகத்தில் வேறு எந்தத் துறை ஆசாமியாவது இப்படி ஒரு காரியம் செய்வானா? கையில் விழுந்த பழத்தை, இது சரியாகக் கொத்திலிருந்து கழன்று விழவில்லை என்று சொல்லித் திரும்ப மரத்தில் மாட்டுவானா? எங்கள் ஆட்களால் மட்டுமே செய்ய முடிந்த பைத்தியக்காரத்தனம் இது என்று அன்றைக்கு வீட்டில் அண்ணனிடம் கத்தினேன். அவன் முதல் தடவையாக என் பாடத்தைக் கேலி செய்யாமல், "அந்தம்மா யாரு?" என்று கேட்டான்.

மேகலாவிடம் நடந்ததை மேடமே சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன். அவள் முகம் வாடிப் போனது.

"மேடம், அப்பாகிட்ட நான் இப்போ ஒண்ணும் சொல்லல. முடிஞ்சதும் சொல்றேன்" என்றாள். போய்விட்டாள். அந்த வாரம் முழுக்க மேடம் மத்தியானச் சாப்பாட்டைப் பாதியில் மூடி வைத்தார். அவருக்கும் பயம் இருந்தது.

அடுத்த வாரம் மழை இல்லை. எல்லோரும் வந்தார்கள். வைட்ஃபீல்ட்காரர் மெட்ரோவில் வந்ததாகப் பெருமையாகச் சொன்னார். ரகுநாதன் தீர்மானத்தை முன்மொழிந்தார். மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தார்.

"முதல்ல ரகுநாதன் சார் பக்கத்தச் சொல்றேன். தப்பா இருந்தா நிறுத்துங்க" என்றார்.

இங்கேயுமா வியாழக்கிழமை வகுப்பு?

"நம்ம பி.காம். பிள்ளைங்கள்ல நெறைய பேர் வீட்டுல முதல் தடவையா காலேஜ் பாக்கறவங்க. அவங்க எலெக்ட்ரானிக் சிட்டிக்கு இன்டர்வியூ போறாங்க. பக்கத்து காலேஜ் பையன் கம்ப்யூட்டர்ல வரைபடம் போட்டுக் காட்டறான். நம்ம பையன் முழிக்கிறான். அவன் அறிவு குறைஞ்சவன் இல்ல, நாம சொல்லித் தரல. திரும்பி வந்து ரகுநாதன் சார் ரூம் வாசல்ல நிக்கறான். அந்த முகத்த ஒவ்வொரு வருஷமும் அவர்தான் பாக்கறாரு, நான் பாக்கறதில்ல. அதுக்குத்தான் இந்த மைனர் கேக்கறாரு. சரியா சார்?"

ரகுநாதன் பெங்களூரில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பத்துக்காரர். சட்டென்று எதற்கும் இளகாத மனிதர். அவர் மேடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி. நானே இவ்வளவு தெளிவா சொன்னதில்ல" என்றார்.

அதற்குப் பிறகுதான் மேடம் எங்கள் பக்கத்தைச் சொன்னார். சுருக்கமாகவே சொன்னார். "என் பிள்ளைங்க வரைபடம் போட மாட்டாங்க. ஆனா ஒரு கூட்டத்துல யாரு பேசல, ஏன் பேசலன்னு பாப்பாங்க. அதுவும் வேணும்னு நெனக்கறேன். அப்புறம், பாதி தூரம் வந்த பிள்ளைங்க இருக்காங்க. பஸ்ஸ நிறுத்தி எறக்கி விட்டா வேற பஸ் வரும்னு நாம சொல்றோம். அந்த பஸ் அவங்க ஊருக்குப் போகாது." உட்கார்ந்துவிட்டார்.

வாக்கெடுத்தார்கள். நான் பயந்தபடியே சரிபாதியாக வந்தது.

எல்லோரும் முதல்வரைப் பார்த்தோம். அவர் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். அவர் ஒரு இயற்பியல்காரர். நேர்மையானவர்தான், ஆனால் பிடிவாதக்காரர்.

"எனக்கு எந்தப் பக்கம் விருப்பம்னு எல்லாருக்கும் தெரியும். அதனாலேயே கேக்கறேன். சமமா வந்தா தலைவர் எப்படிப் போடணும்? என் இஷ்டமா, இல்ல ஏதாவது மரபு இருக்கா?" என்றார். கேட்டுவிட்டு நேராகக் கங்கம்மா மேடத்தைப் பார்த்தார்.

மேடம் தலையை அசைத்தார். "நான் சொல்லக் கூடாது சார். நான் ஒரு பக்கம் நிக்கறவ. வேற யாரையாவது கேளுங்க."

அறையில் வேறு யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரியும், தொண்டை வரை வந்தது. ஆனால் நானும் அதே துறை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ரகுநாதன் பேசினார். "சார், அவங்களே சொல்லட்டும். போன வாரம் தனக்கு நஷ்டம்னு தெரிஞ்சே ஒண்ணு சொன்னாங்க. இன்னைக்கு என்ன சொன்னாலும் நான் ஒத்துக்கறேன். எனக்கு எதிரா இருந்தாலும் சரி."

மேடம் எழுந்து நின்றுதான் சொன்னார். "மரபு இருக்கு சார். சபை ரெண்டா பிரிஞ்சு நின்னா, தலைவர் ஓட்டு இருக்கறது இருக்கட்டும்ங்கற பக்கம் விழணும். மாத்தணும்னா சபை மாத்தணும், நாற்காலி மாத்தக் கூடாது. நாளைக்கே அவங்களுக்கு ஒரு ஓட்டு கூட வந்தா மாத்திக்கலாம். இதுதான் மரபு. உங்களைக் கட்டுப்படுத்தற விதி இல்ல இது. நீங்க மீறினாலும் செல்லும்."

அந்தக் கடைசி இரண்டு வாக்கியத்தை அவர் சொல்லியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

முதல்வர் பேனாவை மூடினார். "அப்போ அரசியல் அறிவியல் இருக்கட்டும். அடுத்த வருஷம் திரும்பக் கொண்டு வாங்க ரகுநாதன், ஒரு ஓட்டு சேத்துக்கிட்டு வாங்க" என்றார்.

ரகுநாதன் அடுத்த வருடம் கொண்டு வந்தார். அதற்குள் பல்கலைக்கழகம் ஐந்தாவது மைனருக்கு அனுமதி கொடுத்துவிட்டது. அதற்கான கோரிக்கையை எழுதியது மேடம், கையெழுத்துப் போட்டது இரண்டு பேரும். அது வேறு கதை.

கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் நான் விடவில்லை. "மேடம், போன வாரம் நீங்க சும்மா இருந்திருந்தா இதே முடிவு அப்பவே வந்திருக்கும். ஒரு வாரம் அந்தப் பொண்ணு தவிச்சாளே."

"வந்திருக்கும். அப்புறம் யாராவது ஒருத்தர் கிளறி, அந்தக் கூட்டம் செல்லாதுன்னு சொல்லியிருப்பாங்க. எப்போ சொல்லியிருப்பாங்க? அவ கடைசி வருஷத்துல நிக்கும்போது."

"அப்போ நீங்க நேர்மைக்காகச் சொல்லல. யோசனை பண்ணித்தான் சொன்னீங்களா?"

மேடம் சிரித்தார். "ரெண்டும் வேற வேறன்னு உங்களுக்கு யாரு பாடம் எடுத்தது? போங்க, போய் அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க. எனக்கு அடுத்த பீரியட் கிளாஸ் இருக்கு." நிஜமாகவே வகுப்புக்குப் போய்விட்டார். எனக்குத் தெரிந்து அந்த மனுஷி தான் ஜெயித்ததை உட்கார்ந்து அனுபவித்ததே கிடையாது. அவரைப் போல ஒருவரிடம் வேலை செய்யக் கிடைத்தது என் வாழ்க்கையின் பெரிய அதிர்ஷ்டம். நந்தினியின் புதிய ஆசிரியர்கள் கேட்கும் "எதுக்கு இந்த வேலை" என்ற கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் அவர்தான்.

மேகலா கேட் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். சொன்னேன். அவள் அழவும் இல்லை, குதிக்கவும் இல்லை. "எப்படி மேடம்? ஓட்டு எவ்ளோ?" என்று கேட்டாள். சமமாக வந்ததையும், முதல்வர் கேட்டதையும், மேடம் சொன்னதையும் ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டாள். பிறகு போனை எடுத்து அப்பாவைக் கூப்பிட்டாள். அவர் டியூட்டியில் இருந்தார் போலிருக்கிறது, பின்னால் வண்டிகள் போகும் சத்தம் எனக்கே கேட்டது.

"அப்பா, பாடத்த எடுக்கல. இருக்குது" என்றாள்.

அந்தப் பக்கம் வண்டிச் சத்தம் மட்டும்தான். அவள் கெஞ்சவில்லை, நீங்க சொன்னீங்களே என்று நினைவுபடுத்தவும் இல்லை. காதில் போனை வைத்தபடி நின்றாள், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்து, "மேடம், உங்ககிட்ட பேசணும்ங்கறாரு" என்று போனை என்னிடம் நீட்டினாள்.

பி.காம். படித்த பெண்ணுக்கு இது எதற்கு என்று கேட்பார், என்ன வேலை கிடைக்கும் என்று கேட்பார் என்று பதில்களைத் தயார் செய்துகொண்டு போனை வாங்கினேன்.

"வணக்கம் மேடம். டியூட்டில இருக்கறேன், ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன்" என்றார். "அந்த எம்.ஏ. படிக்கற எடத்துக்கு, எங்க எலெக்ட்ரானிக் சிட்டிலேர்ந்து நேரா பஸ் இருக்குதுங்களா?"

"நேரா இல்லைங்க. மெஜஸ்டிக்ல எறங்கி மாறணும்" என்றேன்.

"மாறிக்கலாம்" என்றார்.